காற்று காவல் நின்ற தீவு

செயின்ட் ஹெலினா என்றவுடன் நமக்கு நெப்போலியன் நினைவு வருகிறது. பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் அந்தத் தீவு ஒரு வாக்கியத்தில் வந்து அதே வாக்கியத்தில் மறைந்து போகும். வாட்டர்லூவில் தோற்ற சக்கரவர்த்தியை அங்கே கொண்டு போய் வைத்தார்கள். ஆறு வருஷத்தில் அவர் காலமானார். பரீட்சைக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். ஆனால் சக்கரவர்த்தி காலமானார் என்பதற்காகத் தீவும் கூடவே காலமாகிவிடவில்லை. அவர் வருவதற்கு முன்னும் அங்கே ஜனங்கள் இருந்தார்கள். பின்னும் இருந்தார்கள். இன்றும் நாலாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் பரீட்சையில் கேட்பதில்லை.

தென் அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே கிடக்கிறது அந்தத் தீவு. பரப்பு 121 சதுர கிலோமீட்டர். கிழக்கே ஆப்பிரிக்கக் கரை 1900 கிலோமீட்டருக்கு அப்பால். ஏறக்குறைய சென்னைக்கும் டில்லிக்கும் உள்ள தூரம், நடுவில் ஒரு ஸ்டேஷன்கூட இல்லாமல்! பக்கத்து வீடு என்று சொல்லத்தக்க அசென்ஷன் தீவுக்கு 1300 கிலோமீட்டர். எரிமலை கக்கிய கறுத்த பாறை நாலு பக்கமும் செங்குத்தாகச் சுவர் எழுப்பியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14-ஆம் தேதி வரையில், டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆகாய விமானத்தில் அங்கே போய் இறங்க யாராலும் முடியாது. அன்றுதான் அந்தத் தீவின் சின்ன விமான நிலையத்துக்குக் கால அட்டவணைப்படி ஓடும் முதல் பிரயாணி விமானம் வந்தது. அது வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால், ஐந்நூறு வருஷம் பின்னால் போய், காற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தென்கிழக்கிலிருந்து வருஷம் முழுவதும் ஓயாமல் வீசும் காற்று அது. வியாபாரக் காற்று என்று மாலுமிகள் பெயர் வைத்தார்கள். இந்தியாவில் சரக்கு ஏற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் பாய்க்கப்பலை அந்தக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும். போகிற வழியில் செயின்ட் ஹெலினா இருக்கிறது. ஊருக்குத் திரும்புகிற கப்பலுக்குத் தண்ணீரும் காய்கறியும் கிடைக்கிற நடுவழிச் சத்திரம். ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டு வருகிற கப்பலுக்கு அதே காற்று எதிர்க்காற்று. அது பிரேஸில் பக்கமாக ஒதுங்கிச் சுற்றிப் போகும். ஆகவே செயின்ட் ஹெலினா போகும் வழித் தீவு அல்ல, திரும்பும் வழித் தீவு.

போர்ச்சுக்கீசியர் 1502-ல் அதைக் கண்டார்கள். அங்கே முதன் முதலில் குடியேறிய மனிதன் நம் நாட்டிலிருந்து போனவன். பெர்னாவ் லோபெஸ் என்ற போர்ச்சுக்கீசியச் சிப்பாய். கோவாவில் தன் படையை விட்டுப் பிஜாப்பூர்க்காரர்களோடு சேர்ந்து, இஸ்லாமிய மதத்தையும் தழுவினான். கடைசியில் அல்புகர்க்கின் கையில் அகப்பட்டான். உயிரை எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். உயிரை மட்டும் விட்டுவிட்டு மூக்கு, காதுகள், வலது கை, இடது கைக் கட்டைவிரல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். சில வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பும் கப்பலில் ஏறினான். ஊரில் மனைவி மக்கள் இருந்தார்கள். இந்த முகத்தோடு அவர்கள் முன் எப்படிப் போய் நிற்பது? கப்பல் தண்ணீருக்காகச் செயின்ட் ஹெலினாவில் நின்றபோது இறங்கி ஒளிந்துகொண்டான். கப்பலில் இருந்தவர்கள் தேடினார்கள், கிடைக்கவில்லை. பிஸ்கோத்தும் துணிமணியும் கரையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த கப்பல் வந்தபோதும் அவன் ஒளிந்துகொண்டான். அந்தக் கப்பலிலிருந்து தவறிக் கடலில் விழுந்த ஒரு சேவலைக் காப்பாற்றினான். சேவல் பகலெல்லாம் அவன் பின்னாலேயே சுற்றியது. இரவில் அவன் குகைக்குள் வந்து படுத்தது. மூக்கில்லாத முகத்தைப் பார்த்து அது ஒன்றும் சொல்லவில்லையல்லவா? ஏறக்குறைய பத்து வருஷம் கழித்து அரசர் கூப்பிட்டனுப்பி, லிஸ்பனுக்கும் பிறகு ரோமாபுரிக்கும் போய் வந்தான். போப்பாண்டவரிடம் பாவமன்னிப்புப் பெற்றான். அதன் பிறகு அவன் விரும்பிக் கேட்டது ஒன்றுதான்: என்னைத் தீவுக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்பது. அனுப்பினார்கள். 1545 வாக்கில் அங்கேயே இறந்தான். கப்பல் வராமல் இருந்தால் நிம்மதி என்று நினைத்த முதல் தீவுவாசி அவன். அவனே கடைசியும். அவனுக்குப் பின் அங்கே வாழ்ந்தவர்கள் எல்லோரும் கப்பல் எப்போது வரும் என்று கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

1659-ல் கிழக்கிந்தியக் கும்பினியார் தீவைத் தங்கள் வசப்படுத்திக் கோட்டை கட்டினார்கள். குடியேறியவர்களோடு ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் அடிமைகளையும் கொண்டு வந்தார்கள். பதினான்கு வருஷம் கழித்து டச்சுக்காரர்கள் தீவைப் பறித்துக்கொண்டபோது, அதை மீட்க வந்த இங்கிலீஷ் சிப்பாய்கள் கிழக்குப் பக்கம் ப்ராஸ்பரஸ் குடாவில் ரகசியமாக இறங்கினார்கள். ஒருவன் கயிற்றைச் சுமந்துகொண்டு செங்குத்துப் பாறையில் ஏறி மேலிருந்து கயிற்றை விட, மற்றவர்கள் அதைப் பிடித்து ஏறினார்கள். அவர்களுக்கு வழி காட்டியவன் ஆலிவர் என்ற கறுப்பு அடிமை. தீவு மீண்டது, ஆலிவருக்கும் விடுதலை கிடைத்தது. அந்தப் பாறைக்கு மேலே பரந்து கிடந்த வறண்ட சமவெளியில் அதன் பிறகு 340 வருஷம் யாருக்கும் பெரிய வேலை இருக்கவில்லை. வாசகர்கள் அந்தச் சமவெளியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான்.

கும்பினியின் கப்பல்கள் சென்னையிலும் கல்கத்தாவிலும் ஏற்றிய துணியையும் மிளகையும் சுமந்து அங்கே வந்து இளைப்பாறின. சீமைக்குத் திரும்புகிற துரைமார்களும் இறங்கி இரண்டு நாள் தங்கினார்கள். சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானோடு போர் செய்த ஆர்தர் வெல்லெஸ்லி 1805 மார்ச்சில் சென்னையில் கப்பல் ஏறி, வழியில் செயின்ட் ஹெலினாவில் இறங்கினார். 'ப்ரையர்ஸ்' என்ற வீட்டில் தங்கினார். பத்து வருஷம் கழித்து அவரே வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தார். தோற்ற நெப்போலியன் 1815 அக்டோபரில் தீவுக்கு வந்து சேர்ந்தபோது, லாங்வுட் மாளிகை பழுது பார்த்து முடிகிற வரையில் அவரைத் தங்கவைத்த இடம் எது தெரியுமா? அதே ப்ரையர்ஸ் தோட்டம்! நாவலில் எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள். சரித்திரத்துக்கு அந்தப் பயம் கிடையாது.

நெப்போலியன் கதை எல்லோரும் அறிந்தது. இங்கே விஸ்தரிக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அவரை அங்கே வைத்ததற்குக் காரணம் தீவு அல்ல. தீவைச் சுற்றி ஒன்றும் இல்லை என்பதுதான். சிறைச்சாலைக்குச் சுவரைச் சமுத்திரமே கட்டிக் கொடுத்திருந்தது. இந்தச் சௌகரியம் கண்டபின் சர்க்கார் அதை மறக்கவில்லை. 1890-ல் ஜூலு அரசர் டினிஸுலுவைக் கொண்டு வந்தார்கள். 1900-லிருந்து போயர் யுத்தக் கைதிகளைக் கொண்டு வந்தார்கள். அவர்கள் ஆறாயிரம் பேர் வரை இருந்தார்கள். 1957-ல் பஹ்ரைனிலிருந்து மூன்று அரசியல் கைதிகள் வந்தார்கள். யாருக்கு யாரைக் கண்ணில் படாமல் வைக்க வேண்டுமோ, அவர்களுக்கெல்லாம் அந்தத் தீவு தேவைப்பட்டது.

கைதிகளைப் பற்றியாவது நாம் படிக்கிறோம். படிக்காத ஒரு கூட்டமும் அங்கே வந்து இறங்கியது. அடிமை வியாபாரத்தைத் தடை செய்த பிரிட்டிஷ் கடற்படை, அட்லாண்டிக்கில் திருட்டுத்தனமாக அடிமைகளை ஏற்றிப் போன கப்பல்களை மடக்கிப் பிடித்தது. பிடித்த கப்பல்களை 1840 முதல் செயின்ட் ஹெலினாவுக்குக் கொண்டு வந்தார்கள். இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் இப்படி வந்து சேர்ந்தார்கள். விடுதலை பெற்றவர்கள் என்று அவர்களுக்குப் பெயர். ஆனால் கப்பலின் அடித்தட்டில் பட்டினியும் அம்மையும் வயிற்றுப்போக்கும் தின்று தீர்த்த உடம்பு விடுதலையை அனுபவிக்க எத்தனை நாள் தாங்கும்? சுமார் எண்ணாயிரம் பேர் தீவிலேயே மடிந்தார்கள். ரூபர்ட் பள்ளத்தாக்கு என்ற வறண்ட இடத்தில், பெட்டியும் பெயரும் இல்லாமல் புதைத்தார்கள். பிழைத்தவர்களில் பெரும்பாலோரை மேற்கிந்தியத் தீவுகளுக்கும் மற்ற இடங்களுக்கும் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். சிலர் தீவிலேயே தங்கினார்கள்.

இந்தக் காலத்தில்தான், 1836 ஜூலையில், பீகிள் கப்பலில் வந்த சார்லஸ் டார்வின் ஆறு நாள் தீவெல்லாம் நடந்து பார்த்தார். ஒரு நாள் ஒரு சமவெளியின் ஓரத்தில் நின்றார். கீழே ஆயிரம் அடி பாதாளம். அவர் நின்ற இடத்தில் ஓர் இலைகூட அசையாத அமைதி. ஆனால் சில கஜ தூரத்தில் கடற்பறவைகள் பலமான காற்றோடு போராடித் தவித்துக்கொண்டிருந்தன. டார்வின் விளிம்பை நெருங்கிக் கையை வெளியே நீட்டினார். நீட்டிய கையில் காற்று முழு வேகத்தோடு மோதியது. அமைதிக்கும் சூறைக்கும் நடுவே இரண்டு கஜ அகலத்தில் கண்ணுக்குத் தெரியாத வேலி போட்டது போல் இருந்தது. இதை அவர் தம் பிரயாண நூலில் ஒரு வேடிக்கையாக எழுதி வைத்தார். நூல் உலகம் முழுவதும் விற்பனையாயிற்று. ஆனால் விமான நிலையம் கட்டத் திட்டம் போட்டவர்களுக்கு அந்தப் பக்கம் கண்ணில் படவில்லை போலும்.

தீவின் அதிர்ஷ்டத்தைத் திருப்பிய சம்பவம் அங்கே நடக்கவில்லை. எகிப்து தேசத்து மணலில் நடந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தார்கள். இந்தியாவுக்குக் குறுக்குவழி கிடைத்துவிட்டது. அதற்குமுன் 1850-களில் ஆண்டுக்கு ஆயிரம் கப்பலுக்கு மேல் ஜேம்ஸ்டவுன் துறையில் நங்கூரம் பாய்ச்சின. 1889-ல் முந்நூறுகூட வரவில்லை. நெடுஞ்சாலை வேறு பக்கமாகத் திரும்பிவிட்டால் பழைய சாலையோரத்துச் சத்திரம் என்ன ஆகும்? அது இடிந்து விழாது. யாரும் வராமல் நின்றுகொண்டிருக்கும். அதுதான் கஷ்டம். 1882-ல் ஜோனதன் என்ற பெரிய ஆமையை அந்தத் தீவுக்குக் கொண்டு வந்தார்கள். கவர்னர் மாளிகைப் புல்வெளியில் அது மேய்ந்துகொண்டிருந்தது. கப்பல்கள் குறைந்ததையும் பார்த்தது; நூற்று முப்பது வருஷம் கழித்து விமானம் வந்ததையும் பார்த்தது. 2022-ல் அதற்கு 190 வயது என்று கணக்கிட்டு விழாக் கொண்டாடினார்கள். தீவாருக்கு வேண்டியிருந்த பொறுமையின் அளவை ஆமையின் வயதைக்கொண்டுதான் சொல்ல முடியும்.

பிழைப்புக்கு அவர்கள் ஒரு வழி தேடினார்கள். நியூஸிலாந்து தேசத்து நார்ச்செடியைப் பயிரிட்டு, நார் எடுத்துக் கயிறும் சணலும் திரித்தார்கள். பிரிட்டிஷ் தபால் இலாகா கடிதக் கட்டுகளைக் கட்ட அந்த நாரை வாங்கிற்று. மலைச்சரிவெல்லாம் நார்ச்செடி. 1966-ல் தபால் இலாகா செயற்கை நூலுக்கு மாறிவிட்டது. ஆலைகள் மூடப்பட்டன. சீமையில் யாரோ ஒரு குமாஸ்தா ஒரு காகிதத்தில் கையெழுத்திட, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு இப்பால் ஒரு தீவின் தொழில் அணைந்தது. 1981-ல் வந்த குடியுரிமைச் சட்டம், அந்த ஜனங்கள் பிரிட்டனில் போய்க் குடியிருக்கும் உரிமையையும் எடுத்துக்கொண்டது. 2002-ல் திருப்பிக் கொடுத்தார்கள். கொடுத்ததும் என்ன ஆயிற்று? இளைஞர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். 1998-ல் ஐயாயிரத்தைத் தாண்டியிருந்த ஜனத்தொகை 2008-ல் 4300-க்கும் கீழே இறங்கிவிட்டது.

வெளியுலகத்தோடு மிஞ்சியிருந்த ஒரே சம்பந்தம் ஒரு கப்பல். அதன் பெயரும் 'செயின்ட் ஹெலினா'தான். 1990 முதல் ஓடிய கப்பல் அது. அதற்கு முன் அதே பெயரில் இன்னொன்று ஓடியது. கேப் டவுனிலிருந்து ஐந்து நாள் பிரயாணம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வரும். உருளைக்கிழங்கும் வெங்காயமும், மோட்டார் காரும், கலியாணப் புடவைக்குச் சமமான வெள்ளை உடுப்பும், மருந்தும், கடிதமும் எல்லாம் அதிலேதான் வர வேண்டும். ஜேம்ஸ்டவுனில் ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் பெரிய வைத்தியம் தேவைப்பட்டால் கேப் டவுனுக்குத்தான் போக வேண்டும். நோய்க்குக் கப்பலின் கால அட்டவணை தெரியுமா? கப்பல் முந்தின நாள் புறப்பட்டுப் போயிருந்தால் அடுத்த தடவை வரையில் நோயாளி காத்திருக்க வேண்டும். வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்குத் தகப்பனார் இறந்த செய்தி தந்தியில் உடனே போய்விடும். மகன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து புல் முளைத்திருக்கும். 1999 நவம்பரில் அந்தக் கப்பலின் இயந்திரமே பழுதாகிவிட்டது. போக இருந்தவர்களும் வர இருந்தவர்களும் அங்கங்கே தங்கிப் போனார்கள். அலமாரிகள் காலியாகும்போது தீவார் ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கண்டார்கள்: அவர்கள் வாழ்வு ஒரே ஓர் இயந்திரத்தின் அச்சில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

2002-ல் ஜனங்களின் அபிப்பிராயம் கேட்டார்கள். புதுக் கப்பலா, விமான நிலையமா? நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் விமான நிலையம் என்றார்கள். 2005-ல் பிரிட்டிஷ் சர்க்கார் சம்மதம் சொல்லிற்று. 2008-ல் பணமுடை என்று நிறுத்தி வைத்தது. 2010-ல் மறுபடியும் சம்மதித்தது. 2011 நவம்பரில் பேஸில் ரீட் என்ற தென்னாப்பிரிக்கக் கம்பெனியோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மொத்தச் செலவு 285 மில்லியன் பவுன், அதாவது 28 கோடியே 50 லட்சம் பவுன். தலைக்கு வகுத்தால் தீவார் ஒவ்வொருவருக்கும் அறுபதினாயிரம் பவுனுக்கு மேல்!

இடம் எது? மலைமலையாய் மடிந்து கிடக்கும் தீவில் சமமான தரை என்று சொல்லத்தக்கது ஒன்றுதான் இருந்தது. லாங்வுட்டுக்குக் கிழக்கே அந்த ப்ராஸ்பரஸ் சமவெளி. அன்று சிப்பாய்கள் கயிறு பிடித்து ஏறிய பாறைக்கு மேலே உள்ள இடம். அதுவும் நீளம் போதவில்லை. தெற்குக் கோடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு குறுக்கிட்டது. அதை நிரப்ப வேண்டும். நூறு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 80 லட்சம் கன மீட்டர் பாறையையும் மண்ணையும் கொட்டி நிரப்பினார்கள். 2012-ல் முதல் யந்திரங்கள் வந்து இறங்கின. நீண்ட காலம் இந்த நிரப்பும் வேலையே நடந்தது. முடிவில் கடல் மட்டத்துக்கு முந்நூறு மீட்டர் உயரத்தில் 1950 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதை தயாராயிற்று.

யந்திரங்களை இறக்குவதற்கு ரூபர்ட் குடாதான் வசதி. அங்கிருந்து சமவெளிக்கு 14 கிலோமீட்டர் சாலை போட வேண்டும். சாலை ரூபர்ட் பள்ளத்தாக்கின் வழியே போக வேண்டும். அங்கே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். 2007-லும் 2008-லும் புதைபொருள் ஆராய்ச்சியாளர்கள் சாலை போகும் இடத்தை மட்டும் தோண்டினார்கள். 325 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. ஒரே குழியில் இரண்டு மூன்று பேர். குழந்தைகளும் இளம் பிராயத்தினருமே அதிகம். சிலர் கழுத்தில் பாசிமணி இருந்தது. அடிமைக் கப்பலில் ஏற்றுகிறவன் துணியையும் பெயரையும் பிடுங்கிக்கொண்டான். அந்த மணியை எப்படியோ காப்பாற்றிக்கொண்டு கடைசி வரைக்கும் வந்திருக்கிறார்கள். எலும்புகளைப் பெட்டிகளில் அடுக்கி ஜேம்ஸ்டவுனில் ஒரு கிடங்கில் வைத்தார்கள். சாலை மேலே போயிற்று.

2015 செப்டம்பர் 15-ஆம் தேதி, கருவிகளைச் சரிபார்க்கும் சிறிய விமானம் ஒன்று முதன் முதலாக அந்த ஓடுபாதையில் இறங்கியது. தீவில் கொண்டாட்டம். அடுத்த மே மாதம் அரச குடும்பத்து இளவரசர் எட்வர்ட் வந்து திறந்து வைப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் 2016 ஏப்ரல் 18-ஆம் தேதி ஒரு பெரிய போயிங் 737 விமானத்தைச் சோதனைக்காகக் கொண்டு வந்தார்கள். அது வடக்கு முனையை நெருங்கியபோது, டார்வினுடைய கையில் மோதிய காற்று விமானத்தின் இறக்கையில் மோதியது. முதல் முயற்சியில் இறங்க முடியவில்லை. திரும்ப மேலே ஏறிச் சுற்றிவந்துதான் தரையைத் தொட்டது.

காரியம் இவ்வளவுதான். தென்கிழக்குக் காற்று சமுத்திரத்தில் தடையில்லாமல் வந்து பாறைச் சுவரில் மோதுகிறது. ஒரு பங்கு மேலே எழும்புகிறது, ஒரு பங்கு சுழல்கிறது, ஒரு பங்கு கீழே விழுகிறது. இறங்குகிற விமானம் சில விநாடிக்குள் ஒரு காற்றிலிருந்து இன்னொரு காற்றுக்குள் நுழைகிறது. விண்ட் ஷியர் என்று விமானிகள் சொல்வது இதைத்தான். தரை நெருங்கிவிட்ட சமயத்தில் இப்படி நேர்ந்தால் திருத்திக்கொள்ள அவகாசம் இராது. பாய்க்கப்பலை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்து சேர்த்த அதே காற்று, அதனால் ஒரு காலத்தில் தீவுக்குச் சோறு போட்ட அதே காற்று, இப்போது வாசலில் நின்றுகொண்டு விமானத்தை உள்ளே விடமாட்டேன் என்றது.

திறப்பு விழா ஒத்திவைக்கப்பட்டது. லண்டன் பத்திரிகைகளுக்கு நல்ல வேட்டை. உலகத்திலேயே உபயோகமற்ற விமான நிலையம் என்று பட்டம் சூட்டின. பார்லிமெண்டின் கணக்குக் கமிட்டி, இவ்வளவு பணம் செலவழிக்கிறவர்கள் காற்றை முன்கூட்டியே அளந்து பார்க்க வேண்டாமா என்று அதிகாரிகளைக் கடிந்துகொண்டது. கேள்வி நியாயமானதுதான். 180 வருஷத்துக்கு முன் ஒரு மனிதர் கையை நீட்டியே அளந்துவிட்டாரே!

ஆனால் அந்தச் சிரிப்பில் ஓர் அநியாயமும் இருந்தது. 4000 பேருக்கு இத்தனை பணமா என்ற வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. யோசித்துப் பாருங்கள். கும்பினிக்குத் தண்ணீர் வேண்டியிருந்தபோது அந்தத் தீவு வேண்டியிருந்தது. சக்கரவர்த்தியைப் பூட்டி வைக்க இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களையும், இரவும் பகலும் சுற்றி வரும் கப்பல்களையும் வைத்துச் செலவழித்தார்கள். ஒரே ஒரு மனிதன் வெளியே போகாதிருப்பதற்காக அவ்வளவு செலவு! அப்போது தலைக்கு எவ்வளவு என்று யாரும் வகுத்துப் பார்க்கவில்லை. ஐந்நூறு வருஷச் சரித்திரத்தில் அந்தத் தீவில் கட்டப்பட்ட பெரிய காரியம் ஒவ்வொன்றும் வேறு யாருக்காகவோ கட்டப்பட்டது. அங்கே பிறந்தவர்கள் உள்ளே வரவும் வெளியே போகவும் என்று போட்ட முதல் வாசல் இந்த ஓடுபாதை. அதைக்கூட, ஆண்டுக்கு முப்பதினாயிரம் உல்லாசப் பிரயாணிகள் ஒரு காலத்தில் வருவார்கள் என்ற கணக்கைக் காட்டித்தான் போட முடிந்தது. தாய்க்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்று கேட்டால் கிடைக்காத கடன், வீட்டை வாடகைக்கு விடப் போகிறேன் என்று சொன்னால் கிடைக்கிறதல்லவா?

காற்றோடு சண்டை போட முடியாது; சமாதானம்தான் செய்துகொள்ள வேண்டும். பெரிய விமானத்தை விட்டுவிட்டுச் சிறிய விமானத்தைத் தேடினார்கள். 2017-ல் தென்னாப்பிரிக்க ஏர்லிங்க் கம்பெனியின் எம்ப்ரேயர் 190 விமானம் வந்து சோதனை செய்தது. அது ஒப்புக்கொண்டது. ஆனால் முழுப் பாரத்தோடு வரக் கூடாது. ஆரம்பத்தில் 76 பேருக்கு மேல் ஏற்றுவதில்லை என்று திட்டம் செய்துகொண்டார்கள். 2017 அக்டோபர் 14-ஆம் தேதி ஜோஹன்னஸ்பர்க்கில் புறப்பட்ட விமானம், வழியில் விண்ட்ஹோக்கில் நின்று, மத்தியானத்தில் செயின்ட் ஹெலினாவில் இறங்கியது. நெப்போலியன் வந்து சேர்ந்து 202 வருஷம் ஆகி இருந்தது. அவர் கப்பலில் பத்து வாரம் வந்தார். இவர்கள் சில மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு விமானம் என்ற கணக்கில் அந்தச் சேவை ஆரம்பமாயிற்று.

2018 பிப்ரவரி 10-ஆம் தேதி பழைய கப்பல் கடைசி முறையாக நங்கூரம் எடுத்தது. கடற்கரையில் தீவே திரண்டு நின்று வழியனுப்பியது. விமானம் வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர்களே அழுதார்கள் என்றால் அதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கப்பலில்தான் அவர்கள் பிரசவத்துக்குப் போனார்கள், வேலைக்குப் போனார்கள், கலியாணம் செய்துகொண்டு வந்தார்கள். ஐந்து நாள் ஒன்றாகப் பிரயாணம் செய்தால் ஊரில் பேசாதவர்களும் பேசிவிடுவார்கள். விமானத்தில் யார் யாரோடு பேசுகிறார்கள்?

முப்பதினாயிரம் பிரயாணிகள் வரவில்லை. சில ஆயிரம் பேர்தான் வந்தார்கள். 2020-ல் கொள்ளை நோய் வந்தபோது வழக்கமான விமானப் போக்குவரத்து இரண்டு வருஷம் நின்றே போயிற்று. ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் இங்கிலாந்திலிருந்து தனி விமானங்கள் அந்த ஓடுபாதையில் வந்து இறங்கின. ஊர் திரும்ப வேண்டியவர்களையும் வைத்திய சாமான்களையும் தடுப்பூசியையும் கொண்டு வந்தன. அதற்கு முன்பே, திறப்பு விழா இல்லாமல், பத்திரிகைகள் கேலி செய்துகொண்டிருந்த 2016-லேயே, ஆபத்தான நோயாளிகளை ஏற்றிக்கொண்டு வைத்திய விமானம் அங்கிருந்து பறந்திருக்கிறது. உபயோகமற்ற விமான நிலையம் என்று எழுதியவர்களுக்கு அதில் படுத்துப் போனவர்களின் உறவினர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பிரயாணிகளின் தொகையை வைத்து லாப நஷ்டம் பார்த்தால் கணக்கு இடிக்கும். ஒரே நோயாளிக்குத் தேவைப்படும் நாளில் வாசல் திறந்திருக்கிறதா என்று பார்த்தால் கணக்கு வேறு.

கிடங்கில் இருந்த அந்த 325 பேர் கதை இன்னும் பாக்கி இருக்கிறது. பதினான்கு வருஷம் பெட்டிகளிலேயே கிடந்தார்கள். தீவார் பலர் அதைச் சகிக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் பலருடைய உடம்பிலும் ஆப்பிரிக்க இரத்தம் ஓடுகிறது. 2022-ல் அந்த எலும்புகளை ஊர்வலமாக எடுத்துச் சென்று, ரூபர்ட் பள்ளத்தாக்கிலேயே, இந்தத் தடவை தனித்தனிப் பெட்டியில் வைத்து, பிரார்த்தனை செய்து அடக்கம் செய்தார்கள். சாலைக்கு இடம் விட்டு எழுந்தவர்கள் மறுபடியும் படுத்தார்கள்.

அந்தத் தீவில் விமானம் வரும் நாள் என்பது இன்றைக்கும் நிச்சயமான நாள் அல்ல. காற்று அதிகமாக இருந்தாலும், மேகம் தாழ்ந்து சமவெளியை மூடினாலும், விமானம் மறுநாள்தான் வரும். வரவேற்க வந்தவர்கள் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்கள். காத்திருப்பது அவர்களுக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் மூன்று வாரம் காத்திருந்தார்கள். இப்போது ஒரு நாள்.